சோனகதெருவை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

யாழ்ப்பாணத்துச் சோனகதெருவைப் பற்றி நான் வாசித்த கவிதைகளிலும் கதைகளிலும் பெரும்பாலானவை 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதியிலேயே தொடங்குகின்றன. விடுதலைப் புலிகள் விதித்த இரண்டு மணிநேர அவகாசம், பறிக்கப்பட்ட நகைகள், புத்தளத்து ஓலைக் குடிசைகள். இவை எழுதப்பட்டே ஆகவேண்டியவை. ஆயினும், ஒரு தெருவின் இழப்பை மட்டும் வாசிக்கும் இளைய வாசகன் அதன் வாழ்வை எங்கே அறிவான்?

நான் கலாசாலையில் பயின்ற காலத்தில், 2004இல், ஐந்துசந்திப் பக்கம் போனேன். கூரையும் கதவும் இல்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. இங்கே யார் இருந்தார்கள் என்று நண்பனிடம் கேட்டேன். "சோனகர்" என்றான். அதற்குமேல் அவனுக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. இருவரும் ஆசிரியராகப் போகிறவர்கள்!

அந்த அயலின் வரலாறு தனித்ததொன்றல்ல. சிவன் கோவிலும், நாவலர் 1848இல் தொடங்கிய பாடசாலையும், பள்ளிவாசல்களும் நடந்துபோகும் தூரத்திலேயே உள்ளன. வண்ணார்பண்ணை அசனாலெப்பைப் புலவர் 'நவரத்தினத் திருப்புகழ்' பாடினார். முருகனுக்குரியதாக நாம் அறிந்த யாப்பு ஓர் ஆலிமின் கைக்கும் உரியதாயிருந்தது. 1911இல் அங்கு பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் கற்று, பின்னாளில் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார்.

இந்த ஊடாட்டம் நமது புனைகதைகளில் மிகக் குறைவு. தமிழ் எழுத்தாளர் கதைகளில் முஸ்லிம் அயலவர் பெருநாளன்று வட்டிலப்பத்தோடு வந்து போய்விடுகிறார். முஸ்லிம் எழுத்தாளர் கதைகளில் தமிழ் அயலவர் வேலிக்கு அப்பால் மௌனமாக நிற்கிறார். இரண்டும் அரை உண்மைகளே. உறவு பூரணமாக இருந்ததென்றும் நான் சொல்லவரவில்லை. அப்படியானால் அன்று அத்தெரு ஏன் தனித்து நின்றது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியைக் கேட்கும் நாவலே நமக்கு வேண்டும். கடன், கல்வி, கடை, கோபம், காதல் எல்லாம் அதில் வரவேண்டும்.

2009க்குப் பின் மீளக் குடியேற வந்தவர்களை "புதிதாக வந்தவர்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நெடுங்கேணியில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், யாழ்ப்பாணத்தில முஸ்லிம்களும் இருந்தவையோ?" என்று கேட்டான். அவன் கையில் கொடுக்க அஸீஸின் பெயர் இருந்தது. ஒரு நல்ல கதை இருக்கவில்லை. இது நம் இரு சாராரின் எழுத்துக்கும் உள்ள குறை.