மூன்று புகைப்படங்களும் ஒரு நடுகல்லும்

ரகு கார்னாட் எழுதிய 'ஃபார்தெஸ்ட் ஃபீல்ட்' 2015இல் வந்த புத்தகம். இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன தன் குடும்பத்து ஆட்கள் மூன்று பேரைத் தேடிப்போன கதை. 2016இல் ஆங்கிலத்துக்கான சாகித்ய அகாடமி யுவ புரஸ்கார் இதற்குக் கிடைத்தது. கதையின் வேர் கோழிக்கோட்டில், ஒரு பகுதி மெட்ராஸில். ஆனாலும் தமிழ் வாசகர்கள் நடுவில் இதைப் பற்றிப் பேசிக் கேட்டது குறைவு. எனக்கு இந்தப் புத்தகத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு, ஒரு சண்டையும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆட்கள். கோழிக்கோட்டுப் பார்சி குடும்பம் ஒன்று, முகசேத் என்று பெயர். அதில் நர்கேஷ் என்கிற பெண்தான் கார்னாடின் பாட்டி. அவருடைய மெட்ராஸ் வீட்டில் மூன்று இளைஞர்களின் படங்கள் இருந்தன. ஒருவர் பாட்டியின் தம்பி பாபி, ராணுவத்தில் சாப்பர் பிரிவு ஆபீசர். ஒருவர் கணவர் கணபதி, குடகுக்காரர், ராணுவ டாக்டர். இன்னொருவர் சகோதரியின் கணவர் மானெக் தாதாபாய், இந்திய விமானப்படை பைலட். கணபதி 1942இலும் மானெக் 1943இலும் பாபி 1944இலும் இறந்துபோனார்கள். மூன்று வருஷத்தில் ஒரு வீட்டின் ஆண்கள் மூவர். அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்த பேரன் அவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கும்போது, சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டார்கள்.

மனுஷனுக்கு இரண்டு சாவு என்கிறார் கார்னாட். உயிர் போவது ஒன்று, நினைவு வைத்திருக்கும் கடைசி ஆள் போவது இன்னொன்று. புத்தகம் முழுக்க அந்த இரண்டாவது சாவோடு நடக்கும் மல்லுக்கட்டுதான்.

தேடுவதற்கு எது இருக்கிறது

இந்த மாதிரித் தேடல் உலகத்தில் ஒரு தனி வகை எழுத்தாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், பாம்பர் விமானத்தில் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவையோ பெரியப்பாவையோ தேடுகிற குடும்பங்கள் ஏராளம். பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் மட்டும் இறந்தவர்கள் 55,573 பேர். லான்காஸ்டர் விமானம் ஒன்று விழுந்தால் ஏழு வீட்டுக்குத் தந்தி போகும்.

அவர்கள் தேடுவதற்குக் காகிதம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினசரிப் பதிவேடு வைத்திருந்தது. விமானத்தின் எண், அதில் ஏறியவர்கள் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் வரிசையாக இருக்கும். திரும்பாத விமானத்துக்குக் கிளம்பிய நேரம் மட்டும் இருக்கும், இறங்கிய நேரம் இருக்காது. அந்தக் காலியிடத்தில் ஆரம்பித்துதான் பேரப்பிள்ளைகள் பின்னோக்கி நடக்கிறார்கள். லிங்கன் நகரில் இருக்கும் பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம்.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1943இலிருந்து, காணாமல்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அறிக்கை எழுதினார்கள். அதில் எஞ்சின்களின் சீரியல் நம்பர் வரைக்கும் உண்டு. இதன் பலன் நம் நாட்டிலேயே தெரிந்தது. 1944 ஜனவரி 25ஆம் தேதி சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சாபுவாவுக்குக் கிளம்பிய 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24 குண்டுவீச்சு விமானம் எட்டுப் பேரோடு காணாமல்போனது. 2006இல் கிளேட்டன் குல்ஸ் என்கிற மலையேறி அதன் சிதறல்களை அருணாசலப் பிரதேச மலையில் கண்டுபிடித்தார். அதன் நேவிகேட்டர் இர்வின் ஸேட்ஸ். அவருடைய சகோதரர் மகன் கேரி ஸேட்ஸ், தன் பிறப்புக்கு முன்பே போய்விட்ட அந்த மனுஷனுக்காக இரண்டு அரசாங்கங்களையும் வருஷக்கணக்கில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். சீன எல்லைப் பிரச்சினையால் தோண்டும் வேலை இழுத்தடித்தது. 2015இல் அமெரிக்கக் குழு வந்து தோண்டியது. கிடைத்த எச்சங்களிலிருந்து ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்கிற லெப்டினன்ட் அடையாளம் காணப்பட்டு, 2017இல் ஜார்ஜியா மாநிலத்தில் சொந்த ஊரில் அடக்கம் ஆனார். எழுபத்துமூன்று வருஷம் கழித்து!

நம்ம பக்கம்? இந்திய ராணுவத்தில் அந்தப் போரின்போது சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம். விமானப்படையும் சும்மா இல்லை. 7ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்கள் 'வெஞ்சன்ஸ்' என்ற இரண்டு பேர் ஓட்டும் குண்டுவீச்சு விமானத்தை வைத்துப் பர்மா எல்லையில் சண்டை போட்டன. ஆனால் 1947க்குப் பிறகு இவர்களை எந்தக் கதையில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 'வெள்ளையனே வெளியேறு' நடந்துகொண்டிருந்த 1942இல் வெள்ளைக்காரன் சீருடை போட்டவர்கள் இவர்கள். சுதந்திர வரலாற்றில் இடமில்லை, பிரிட்டிஷ் வரலாற்றில் அடிக்குறிப்பு. நேதாஜி படையில் இருந்த தமிழர்களுக்காவது நம் ஊர்களில் ஒரு மரியாதை உண்டு. எதிர்ப்பக்கம் நின்ற தமிழர்களுக்கு அதுவும் இல்லை. இந்தச் சங்கடத்தைக் கார்னாட் மூடி மறைக்காமல், யாரையும் தியாகியாக்காமல், யாரையும் அடிமை என்று திட்டாமல் எழுதியதுதான் புத்தகத்தின் முதல் பலம்.

என் சண்டை

கார்னாடிடம் இருந்தது மூன்று படங்கள், சில காகிதங்கள், சிலரின் நினைவு. அதை வைத்து ஒரு நாவல்போல ஓடும் புத்தகத்தை எப்படி எழுதினார்? அதே படைப்பிரிவில், அதே இடத்தில் இருந்த மற்றவர்களின் நினைவுக் குறிப்புகள், பேட்டிகள், பதிவேடுகள் எல்லாவற்றையும் எடுத்து, இவர்கள் மூவரைச் சுற்றி அடுக்கினார். இதை அவர் மறைக்கவில்லை. 'தடயவியல் புனைவற்ற எழுத்து' என்ற பொருளில் ஒரு பெயரே வைக்கிறார்.

படிக்கும்போது அது பிரமாதமாக வேலை செய்கிறது. ஹரிக்கேன் விமானத்தின் காக்பிட்டும் இம்பால் மழையும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. பிரச்சினை அங்கேதான். பாபி ஒன்றைப் பார்க்கிறான், நினைக்கிறான் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதைப் பார்த்தது பாபியா, அவன் பக்கத்தில் இருந்த, பிழைத்து வந்து புத்தகம் எழுதிய வேறொரு ஆபீசரா? ஓடும் கதைக்குள் அந்தத் தையல் தெரிவதில்லை. நல்ல தையல்காரர் வேலை, ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. ஆனால் ஒருத்தன் இரண்டாவது தடவை சாகக் கூடாது என்று எழுதுகிற புத்தகத்தில், இன்னொருத்தன் பார்த்ததையும் பயந்ததையும் அவனுக்கு மாட்டிவிட்டால், காப்பாற்றப்பட்டது யார்?

நாவலுக்கு இந்தக் கேள்வி கிடையாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இதே போரைத்தான் எழுதுகிறது. பாண்டியன் என்று ஒருத்தன் இருந்தானா என்று யாரும் சிங்காரத்தைக் கேட்கப்போவதில்லை. பாபி இருந்தான். அவனுக்குக் கிடைக்காத ஒரு நினைவை அவன் தலையில் வைக்கும்போது ஒரு கடன் உண்டாகிறது. அந்தக் கடனை முன்னுரையிலோ பின்னுரையிலோ மொத்தமாக அடைத்துவிட முடியாது, வாக்கியத்துக்கு வாக்கியம் அடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சி வாதமும் வலுவானது, அதையும் சொல்லணும். தெரிந்ததை மட்டும் எழுதினால் பாபி பற்றி நாலு பக்கம் தேறும். நாலு பக்கத்தை யார் படிப்பார்கள்? படிக்காவிட்டால் அவன் எப்படியும் இரண்டாவது தடவை செத்துப்போவான். கார்னாட் தெரிந்தேதான் இந்த விலையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கொடுத்திருக்க வேண்டாம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் நாமும் அதே வழியில் போகணுமா என்பது வேறு கேள்வி.

கல் சொல்வது

சங்கராபுரத்திலிருந்து வடக்கே போய்த் தென்பெண்ணையைத் தாண்டினால் தண்டராம்பட்டு, செங்கம் பக்கம் வந்துவிடும். தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் நெருக்கமாகக் கிடைத்த பகுதி. இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எந்த அரையரின் கீழ் யாருடைய சேவகன் என்பதும், கருந்தேவக்கத்தி என்ற பெயரும், எருமைகளுக்காக நடந்த சண்டையில் அவன் இறந்தான் என்பதும் கல்லில் இருக்கின்றன. கூடவே ஒரு தகவல்: கோவிவன் என்கிற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்குப் பின்னால் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஆண்டு, தலைவன், ஆள், காரணம், சாவு. அமெரிக்க அறிக்கையில் இருக்கும் அதே கட்டங்கள். கருந்தேவக்கத்தி கடைசி நிமிஷத்தில் என்ன நினைத்தான் என்று கல் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லி, நாயின் பெயரையும் விடாமல் சொல்லி, அதோடு நின்றுவிட்டது. 1,400 வருஷம் தாண்டி அந்த நாய் இன்னும் நம்மை உலுக்குகிறது. சின்ன எழுத்து நிற்காது என்ற வாதத்துக்கு இந்தக் கல்தான் என் பதில்.

படமே இல்லாத வீடுகள்

இன்னொரு விஷயமும் உண்டு. பாபி, கணபதி, மானெக் மூவரும் ஆபீசர்கள், இங்கிலீஷ் படித்தவர்கள். அவர்களைச் சுற்றி நினைவுக் குறிப்பு எழுதிய சக ஆபீசர்கள் இருந்தார்கள். கடன் வாங்க ஆள் இருந்தது. தென்னார்க்காட்டு மானாவாரி நிலத்திலிருந்து போன சிப்பாய்க்கோ சமையல்காரருக்கோ யார் இருந்தார்கள்? இன்னும் கீழே போனால் சயாம் மரண ரயில் இருக்கிறது. அதில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. அதே தண்டவாளத்தில் இறந்த பல்லாயிரம் மலாயாத் தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை.

என் வீட்டிலும் ஒருத்தர் உண்டு. எங்க ஆயாவோட அண்ணன். "பர்மா சண்டைக்குப் போனாரு, வரல" என்பதுதான் வீட்டில் வழங்கும் வரலாறு. போட்டோ கிடையாது. மாசாமாசம் மணியார்டர் வந்ததாம், ஒரு மாசம் வரலையாம். ஆயாவின் அம்மா தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் உட்காருவதைச் சாகும்வரை விடவில்லையாம். அவ்வளவுதான்.

இப்படித் தேடுகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டது கொஞ்சம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். அதில் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று தேடிப் பயனில்லை, அது 2019இல் பிறந்தது. விழுப்புரமும் 1993தான். 'சவுத் ஆர்க்காட்' என்று தேடணும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் இனிஷியல் உதவாது. பல பதிவுகளில் 'இன்னார் மகன், இன்ன ஊர்' என்று ஒரு வரி இருக்கும், அந்த அப்பா பெயரும் ஊரும்தான் சாவி. முனுசாமியை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பார்க்கணும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள், கம்ப்யூட்டர் அப்புறம். காகிதம் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

கார்னாடின் புத்தகத்தை அவசியம் படியுங்கள். இந்தியர்களின் போர் எவ்வளவு பெரியது, எவ்வளவு சுத்தமாக மறக்கப்பட்டது என்பதை இவ்வளவு உயிரோடு சொல்லும் இன்னொரு புத்தகத்தை நான் படித்ததில்லை. ஆனால் என் ஆயாவின் அண்ணனைப் பற்றி நான் எழுதும்போது இம்பால் மழையை அவர்மேல் பெய்யவைக்கப் போவதில்லை. அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், மணியார்டர், திண்ணை. இந்த ஐந்தையும் யார் சொன்னார் என்பதோடு எழுதி நிறுத்திக்கொள்வேன். எடுத்தனூர்க் கல்லில் இருப்பதைவிட அது ஒன்றும் குறைச்சல் இல்லை.