சோப்ளாங்கிப் பையனின் நாட்குறிப்பு

மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. இத்தகைய வாய்ப்புகள் பெருகும் இந்நாளில், நம் பிள்ளைகள் எந்நூலை விரும்புகின்றனர், ஏன் விரும்புகின்றனர் என்று சிந்திப்பது நம் கடமை. ஆங்கிலவழி பயிலும் பிள்ளைகளைக் கவர்ந்துள்ள தொடர்களுள் ஒன்று, அமெரிக்கரான ஜெஃப் கின்னி எழுதும் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’. நம் பேச்சுவழக்கில் ‘சோப்ளாங்கிப் பையனின் நாட்குறிப்பு’ எனலாம். முதல் நூல் 2007-இல் வெளிவந்தது. பின்னர் ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாகத் தொடர்கிறது.

கோடிட்ட தாள், கையெழுத்தை ஒத்த எழுத்து, பக்கந்தோறும் கேலிச்சித்திரம் ஆகியவை, தடித்த நூலைக் கண்டு அஞ்சும் பிள்ளையையும் ஈர்க்கின்றன. ஆயினும் ஈர்ப்பின் வேர் இன்னும் ஆழத்தில் உள்ளது.

நாட்குறிப்பை எழுதும் கிரெக் சோம்பேறி, தன்னலக்காரன். ‘இவனிடம் நம் பிள்ளை எதைக் கற்கும்?’ என்று பெற்றோர் வினவுவதில் நியாயம் உண்டு. முதல் நூலின் நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். நண்பன் ரவுலியின் மேலங்கியை அணிந்திருந்த கிரெக், சின்னஞ்சிறு குழந்தைகளைப் புழுவைக் காட்டி விரட்டுகிறான். பழி ரவுலிமேல் விழுகிறது. சரியானதைச் செய்யுமாறு தாய் அறிவுறுத்துகிறார். கிரெக் நெடுநேரம் சிந்தித்து, நண்பனே தண்டனையை ஏற்பதுதான் சரி என முடிவு செய்கிறான்!

இங்கே எழுதுபவன் காணாத உண்மையைப் படிப்பவன் கண்டுகொள்கிறான். தீர்ப்பிடும் பொறுப்பை ஆசிரியர் பிள்ளையிடமே விட்டுவிடுகிறார். அறிவுரை கேட்டு அலுத்த வளரிளம் பருவத்தினர்க்கு இம்மதிப்பு இனிக்கிறது. சிரித்து முடிந்தபின், ‘நாமும் இப்படிச் சாக்குச் சொன்னவர்தாமே’ என்ற உறுத்தல் எழுமானால், அது ஆன்ம சோதனையின் முதற்படி அன்றோ? கோவிலில் தம் நற்செயல்களை அடுக்கிய பரிசேயரை நாம் இனங்காண்பதும் இவ்வாறே. இம்முதல் நூலை 2015-இல் இலத்தீனில் பெயர்த்தவர், அப்போது வத்திக்கானின் இலத்தீன் பிரிவில் பணியாற்றிய அருள்பணியாளர் டேனியல் கல்லகர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தி.

குறையும் உண்டு. கிரெக் வளர்வதில்லை. 1982-இல் ஆங்கிலேயரான சூ டவுன்செண்ட் தொடங்கிய ஏட்ரியன் மோல் நாட்குறிப்புகளில், பதின்மூன்று வயதுச் சிறுவன் நடுவயதை எட்டுகிறான். அவன் துயரும் முதிர்கிறது. கிரெக்கோ நூலுக்கு நூல் அதே சாக்குகளோடு நிற்கிறான். பத்து நூல்களைப் படித்த பிள்ளைக்கு வேறு உணவும் தேவை.

அறநூல்களுக்குத் தமிழில் குறைவில்லை. டியூஷனுக்கும் தேர்வுக்கும் இடையே ஓடும் மேலூர்ப் பிள்ளை, திருமங்கலத்துப் பிள்ளை தன்னையறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நாட்குறிப்பும் நம் மொழியில் பெருக வேண்டும். அதுவரை கிரெக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்போம். அவர்கள் எங்கே சிரிக்கின்றனர் என்று கவனித்தாலே, அவர்கள் மனச்சான்று விழித்திருக்கும் இடம் நமக்குத் தெரியும்.