யாருக்கு யார் துணை?

2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளை 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி அறிவிச்சாங்க. 'பார்க்கிங்' படத்துக்கு மூணு: சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை, சிறந்த துணை நடிகர் எம்.எஸ்.பாஸ்கர். முதல் ரெண்டில் எனக்குச் சண்டை இல்லை. மூணாவதில் இருக்கிற 'துணை' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

படம் பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா: கீழ்வீட்டில் பல வருஷமா வாடகைக்கு இருக்கிற, நேர்மையான, ஆனா காசு விஷயத்தில் படு கெட்டியான அரசு ஊழியர். மாடிக்குப் புதுசா குடிவர்ற ஐ.டி. பையன் (ஹரிஷ் கல்யாண்), கர்ப்பமா இருக்கிற மனைவி. பையன் கார் வாங்குறான். பெரியவரோட பைக்குக்கு இடம் இடிக்குது. சனி, ஞாயிறுல ஒயிட் டவுன்ல வண்டி நிறுத்த சந்து சந்தா சுத்தின நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

ராம்குமார் பாலகிருஷ்ணனின் திரைக்கதை எந்தப் பக்கமும் சாயாது. ஒருத்தர் ஒரு படி இறங்கினா, இன்னொருத்தர் ரெண்டு படி இறங்குவார். பைசா பைசாவா எண்ணி வாழ்ந்த மனுஷன், வீம்புக்காகவே ஒரு கார் வாங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறார். படத்தின் திருப்பமே அதுதான். பாஸ்கர் அங்கே கத்துவதில்லை. ஜெயிச்ச குழந்தை மாதிரி ஒரு முகம். பார்க்கச் சிரிப்பாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. அவரைக் கதையிலிருந்து எடுத்துட்டா படமே இல்லை. அப்போ யாருக்கு யார் துணை?

இது பாஸ்கருக்கு மட்டும் நடந்ததா? அதே விருதை அவரோட பகிர்ந்துகொண்டவர் மலையாளத்தின் விஜயராகவன். 'பூக்காலம்' படத்தில் நூறு வயசுக் கிழவரா வந்து கதை முழுக்கத் தாங்குறவர் அவர்தான். 'உள்ளொழுக்கு' படத்தில் பார்வதிக்குச் சரிசமமா நிற்கிற ஊர்வசிக்கும் துணை நடிகை விருது. முதன்மை, துணை என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். நியாயமான கேள்வி.

பழைய கணக்கும் இருக்கு. 'அழகர்சாமியின் குதிரை' (2011) படத்தில் அந்த அழகர்சாமியே அப்புக்குட்டிதான். தலைப்பில் பேர் இருந்தும் கிடைச்சது துணை நடிகர் விருது! ஆனா அதுக்கு முந்தின வருஷம் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் அம்மாவா நடிச்ச சரண்யா பொன்வண்ணனுக்குச் சிறந்த நடிகை விருதே கொடுத்தாங்க. ஆக, நடுவர்களுக்கு மனசு இருந்தா வழி இருக்கு. பாத்திரத்தின் கனத்தை ஒருமுறை எடை போட்டவர்கள், மற்ற நேரங்களில் நாயக முகம் யாருடையது என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆஸ்கரும் இதில் யோக்கியம் இல்லை. 2021இல் 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' படத்தின் ரெண்டு முக்கிய நடிகர்களையும் துணை நடிகர் பிரிவிலேயே பரிந்துரைச்சாங்க. அப்போ அந்தப் படத்துக்கு நாயகனே கிடையாதா?

'அந்த வருஷம் சிறந்த நடிகர் விருது ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாசிக்கும் போச்சு. துணைப் பிரிவு இல்லேன்னா பாஸ்கருக்கு எதுவுமே கிடைச்சிருக்காதே' என்று நீங்க கேட்கலாம். உண்மைதான். ரெண்டுக்கும் ரஜத் கமல்தான் என்பதும் உண்மை. ஆனா ஒரு சொல் தொடர்ந்து என்ன செய்யும்? அறுபது வயசுக்காரரை நடுவில் வைத்து எழுதின கதையோடு போகிற புது இயக்குநரிடம், 'ஹீரோ யாரு?' என்று தயாரிப்பாளர் கேட்க அது தெம்பு கொடுக்கும். சீரியலில் பட்டாபியா சிரிக்க வெச்ச பாஸ்கர், 'மொழி', '8 தோட்டாக்கள்' எல்லாம் தாண்டி இந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு என்று யோசிங்க.

புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் சிறந்த தமிழ்ப் படத்துக்குத் தருகிற விருது சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கு. 1922இல் இங்கே காலமாகி, கருவடிக்குப்பத்தில் அடங்கியிருப்பவர். நாடகம் எழுதும் ஆசானாக ஆவதற்கு முன்னால் அவர் போட்ட வேஷங்கள் இரணியன், எமன், சனீஸ்வரன். அவருடைய சனீஸ்வரன் வேஷத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணி அதிர்ந்துபோக, அதோடு நடிப்பையே விட்டார் என்று சொல்வார்கள். கதை பிரகலாதனுடையது, சாவித்திரியுடையது, நளனுடையது; ஊர் நடுங்கினது இவரைப் பார்த்து. இன்றைய பட்டியலில் அவரும் 'துணை'தான்!

தமிழ்நாடு, கேரள அரசு விருதுகளில் 'குணச்சித்திர நடிகர்' என்ற பிரிவு இருக்கு. அந்தச் சொல் நடிப்பைச் சொல்கிறது, யாருக்குப் பின்னால் நிற்கணும் என்று சொல்வதில்லை. தேசிய விருதும் அதையாவது எடுத்துக்கொள்ளலாம். ஆனா 'பார்க்கிங்' பாஸ்கருக்கு அதுவும் பத்தாது. அவர் அந்தப் படத்தின் நடிகர், அவ்வளவுதான்.