மடிப்புக்குள் மறைந்த கை

2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுப்போர்வைகள் சுவரில் தொங்கின. நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் மத்தீஸையும் கிளேயையும் நினைவுகூர்ந்தது. பாராட்டுத்தான். ஆனால் ஆண் ஓவியரின் பெயர் சொன்னால்தான் பெண் தைத்த துணி கலையாகுமா? ஓவியமாகப் பார்க்கும் கண்ணுக்கு நிறம் தெரியும், தையல் தெரியாது.

இரண்டு துண்டுகளை இணைத்ததும் தையல் மடிப்பை அழுத்த வேண்டும். இஸ்திரிப்பெட்டியை இழுத்துத் தேய்த்தால், கிராஸாக வெட்டிய துணி நீண்டு கோணிவிடும். வைத்து அழுத்தி, தூக்கி நகர்த்த வேண்டும். மடிப்பை அடர்நிறத் துண்டின் பக்கம் சாய்த்தால் வெளிர்நிறத்தில் நிழல் விழாது. அடுத்தடுத்த வரிசைகளில் எதிரெதிராகச் சாய்த்தால் மூலைகள் பிசகாமல் பொருந்தும். அடித்துணி வைத்துத் தைத்ததும் இத்தனை முடிவுகளும் உள்ளே போய்விடும். சரியாகச் செய்தால் தெரியாது, தவறினால்தான் தெரியும். வீட்டுவேலைக்கும் இதுதானே இலக்கணம்?

இஸ்திரிப்பெட்டி இல்லாமலும் இவ்வேலை நடக்கிறது. உத்தர கன்னட மாவட்டச் சித்திப் பெண்கள் பழைய சேலைகளில் கவந்தி தைக்கும்போது, ஓரங்களை விரலால் மடித்து அழுத்தி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தைத்துப் போகிறார்கள். எங்கள் குரும்பகரத்தில் பழம்புடவையில் பிள்ளைக்கு விரிப்பு தைப்பவர்களும் மடிப்பை நகத்தால் நீவித்தான் படியவைக்கிறார்கள்.

அடுத்த முறை ஓர் ஒட்டுப்போர்வை கையில் கிடைத்தால் நிறங்களோடு நின்றுவிடாதீர்கள். தையல்மீது விரலை ஓட்டுங்கள். எந்தப் பக்கம் தடித்திருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் அவள் தீர்மானித்தது.