காலி இருக்கையின் கனம்

உருவம், உள்ளடக்கம் என்று நம்மிடையே நடந்த சண்டை ஓய்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஓய்ந்ததாக எனக்குப் படவில்லை. சண்டையிட்டவர்கள் களைத்துப்போனார்கள், அவ்வளவுதான். பிரச்னை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. இன்று எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு வரியை எடுத்துவிட்டாலும் சரி, இரண்டு வரியைச் சேர்த்தாலும் சரி, எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. எதுவும் நேராத இடத்தில் உருவம் என்று ஒன்று இருப்பதாக எப்படி ஒப்புக்கொள்வது? சில வருஷங்களாக இந்தக் கேள்வியோடு இருந்துவந்த எனக்குப் பதிலின் ஒரு பகுதி, தேடாத இடத்திலிருந்து, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து கிடைத்தது.

இந்தப் பக்கங்களில் விளையாட்டைப் பற்றியா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் சுளித்தவர்கள் உண்டு. சிறுவர்கள் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு சாதனம் சிறுபிள்ளைத்தனமானதாகிவிடாது. பெரியவர்கள் கையில் இருப்பதாலேயே நம் கவிதை முதிர்ந்துவிடவில்லை அல்லவா?

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்ஸிகோ நகரத்தில் ஸ்க்வாட் என்ற விளம்பரத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த ஃபெலிப்பே ஃபலாங்கி என்பவரின் சிருஷ்டி. சிறு வயதில் அலுமினியத் தாளில் குட்டி மனிதர்களைச் செய்து, வாணங்களில் கட்டிப் பறக்கவிட்டவர் அவர். அந்தப் பொம்மைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் கெர்பல். 2011 ஜூனில் விளையாட்டின் ஆரம்ப வடிவம் வெளிவந்தது. முழுமையடைந்ததாக அறிவிக்கப்பட்டது 2015 ஏப்ரலில். இடைப்பட்ட நான்கு வருஷமும் அது விளையாடுபவர்களின் கையிலேயே, குறைப்பிரதியாக, வளர்ந்தது.

செய்ய வேண்டியது எளிது. ஒரு கொட்டகை. அதில் எரிபொருள் தொட்டிகள், இன்ஜின்கள், பாராசூட்கள், ஆள் உட்காரும் கூண்டுகள். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி ராக்கெட் கட்டவேண்டும். பெரிய தலையும் பச்சை நிறமுமாக இருக்கும் கெர்பல் ஒருவனை மேலே உட்காரவைத்து, ஏவ வேண்டும். எதிரி கிடையாது. கதை கிடையாது. நான் விளையாடும் முறையில் மதிப்பெண்கூடக் கிடையாது. இருப்பது ஒரு விதி மட்டும்.

அந்த விதியை எழுதியவர் கான்ஸ்தந்தீன் ஸியோல்கோவ்ஸ்கி. ருஷ்யாவில் கலூகா என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். காது சரியாகக் கேட்காதவர். 1903இல் அதை வெளியிட்டார். விண்ணுக்குப் போன ஒவ்வொரு ராக்கெட்டும் அந்த ஆசிரியரின் சமன்பாட்டுக்குக் கீழ்ப்படிந்துதான் போயிருக்கிறது. அது சொல்வது: ராக்கெட் பெறக்கூடிய வேகம், வாயு வெளியேறும் வேகத்தையும், எரிபொருளோடு இருக்கும் எடைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் இருக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையையும் பொறுத்தது. மடக்கை என்ற அந்தச் சொல்லில்தான் இதன் குரூரமெல்லாம் ஒளிந்திருக்கிறது. வேகம் 1, 2, 3 என்று கூட்டலில் ஏற வேண்டுமானால், எடை விகிதம் 3, 9, 27 என்று பெருக்கலில் ஏறியாக வேண்டும். சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட் ஏவுதளத்தில் நின்றபோது சுமார் 2,900 டன். மூன்று மனிதர்களோடு கடலில் வந்து விழுந்த கூம்பு சுமார் 5 டன்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கையால் தெரிந்துகொள்வது வேறு. உச்சியில் ஒரு விளக்கை வைக்க ஆசைப்பட்டேன். சந்திரனில் இறங்கும்போது வெளிச்சம் வேண்டாமா? அந்த விளக்கைத் தூக்க மேலடுக்கில் கொஞ்சம் எரிபொருள் கூடியது. அதைத் தூக்க அடுத்த அடுக்கில் இன்னும் கூடியது. அடியில் ஒரு இன்ஜின் போதாமல் போயிற்று. இன்ஜினுக்கும் எடை உண்டே. விளக்கை எடுத்துவிட்டுப் பகல் பக்கத்தில் இறங்கினேன். அன்றுதான் சொற்சிக்கனம் என்று நாம் மேடையில் உபயோகிக்கும் வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மேலே வைக்கும் ஒன்று கீழே உள்ள அனைத்தையும் பாதிக்கும் என்ற நிலைதான் உருவம். அந்த நிலை இருந்தால் சிக்கனம் தானே வரும். இல்லாத இடத்தில் எவ்வளவு சுருக்கி எழுதினாலும் அது வெறும் கஞ்சத்தனம்தான்.

விதி எதிர்பாராத இடங்களுக்கும் கொண்டுபோகிறது. ஒரே பாதையில் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் கலத்தைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூமியில் வளர்ந்த நம் புத்தி வேகத்தைக் கூட்டச் சொல்லும். கூட்டினால் பாதை உயர்கிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கிறது. முன்னால் இருப்பது மேலும் முன்னால் போய்விடுகிறது. பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். இந்த விசித்திரத்தில் தடுமாறியவர்கள் என்னைப் போன்றவர்கள் மட்டுமல்ல. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மக்டிவிட், தன்னை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். அது விலகிவிலகிப் போயிற்று. எரிபொருளை வீணாக்கிவிட்டு முயற்சியைக் கைவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7ஐ நெருங்கிய பிறகுதான் அந்தக் காரியம் மனிதனுக்குக் கைவந்தது. மக்டிவிட் தவறிய அதே இடத்தில் நானும் தவறினேன். என்னைவிட எல்லாவிதத்திலும் தேர்ந்த ஒருவரின் தவறை என் சொந்தத் தவறாக அனுபவிக்க முடிந்தது. நாவல் ஒன்று இதைவிட அதிகமாக என்ன செய்துவிடும்?

இதனாலேயே இந்த விளையாட்டை யதார்த்தவாதத்தில் சேர்த்துவிடக் கூடாது. இங்கே பொய்கள் நிறைய. கெர்பின் என்ற கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர். நம் பூமிக்கு 6,371. ஆனால் ஈர்ப்பு மட்டும் பூமியில் உள்ளதே. அப்படியானால் அதன் அடர்த்தி பூமியைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த எந்த உலோகத்துக்கும் அவ்வளவு அடர்த்தி இல்லை. இருக்கவே முடியாத கிரகம் அது. எதற்காக இந்தப் பொய்? பூமியிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏற நொடிக்குச் சுமார் 9,400 மீட்டர் வேகத்துக்கான எரிபொருள் வேண்டும். கெர்பினில் சுமார் 3,400 போதும். விதியைத் தொடாமல் அளவை மட்டும் சுருக்கியிருக்கிறார்கள், ஒரு மனிதன் ஒரு மாலை நேரத்தில் ஏறிப் பார்க்கக்கூடிய உயரத்துக்கு. உண்மையான சூரியக் குடும்பத்தின் அளவுகளை விளையாட்டுக்குள் புகுத்திய ரசிகர்கள் இருக்கிறார்கள். அதையும் முயன்று பார்த்தேன். ராக்கெட் பெரிதானது. உண்மை கூடியதாகத் தெரியவில்லை. விவரங்களின் நிஜத்தன்மையே கலையின் நிஜம் என்று வட்டார வழக்குகளையும் சமையல் குறிப்புகளையும் அடுக்கிக்கொண்டிருக்கும் நம் நாவலாசிரியர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் பொய்க்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். பூமியும் சூரியனும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில், 1772இல் லக்ராஞ் கணக்கிட்டுக் காட்டிய சமநிலைப் புள்ளிகள் இங்கே இல்லை. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நிற்பது அப்படி ஒரு புள்ளியின் அருகில். அதை இந்த விளையாட்டில் நிறுத்த இடமே கிடையாது. இரண்டு இழுப்புகளுக்கு நடுவில் நிற்கும் அனுபவம் இந்தச் சிருஷ்டிக்குள் வரவில்லை. பெரிய இழப்புதான்.

விதியை விட்டுவிட்டு அழகைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இங்கேயே இருக்கிறது. இதன் இரண்டாம் பாகம், வேறு கைகளில் தயாராகி, 2023 பிப்ரவரியில் முடிவுபெறாத நிலையில் விற்பனைக்கு வந்தது. மேகங்கள், ஒளி, கோளின் நிலப்பரப்பு எல்லாம் முன்னதைவிட அழகு. ஆனால் விண்ணிலிருந்து காற்றுக்குள் திரும்பி நுழையும் கலத்துக்குச் சூடே ஏறவில்லை. முதல் விளையாட்டிலும் 2015 வரை இந்தக் குறை இருந்தது உண்மை. அது தகரக் கொட்டகையாக இருந்துகொண்டு ஒவ்வொரு விதியாகச் சம்பாதித்தது. இது மாளிகையாக வந்து நின்றுகொண்டு விதியைத் தவணையில் தருவதாகச் சொன்னது. வெப்பம் அந்த வருஷக் கடைசியில் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் அதை உருவாக்கிய கூடமே மூடப்பட்டது.

இனி என் முக்கியமான ஆட்சேபம். இந்த விளையாட்டில் மரணம் இல்லை. ராக்கெட் வெடித்தால் ஏவுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்ப ஒரு பொத்தான் இருக்கிறது. வெடிப்பதே ஒரு வேடிக்கை. 1967 ஏப்ரலில் சோயூஸ் 1இன் பாராசூட் சரியாக விரியாமல் தரையில் மோதி இறந்த கொமரோவுக்கும், 1986 ஜனவரியில் ஏவிய 73 நொடிகளில் சாலஞ்சரோடு சிதறிய ஏழு பேருக்கும் அந்தப் பொத்தான் இல்லை. விதி நிஜமாக இருந்து விளைவு பொய்யாக இருந்தால் அங்கே அனுபவம் எப்படிப் பிறக்கும்? இந்தக் கேள்வியோடு விளையாட்டை மூடிவைத்திருப்பேன். மூடவிடாமல் செய்தது ஒரு விபத்து.

கெர்பினின் சந்திரனில் முதல் தடவையாக ஒருவனை இறக்கினேன். பத்திரமாக இறங்கினான். பார்த்தால், திரும்ப எரிபொருள் இல்லை. அவசரத்தில் அடுத்த ராக்கெட்டைக் கட்டக் கொட்டகைக்குத் திரும்பினேன். அப்படித் திரும்பியதோடு, பின்னோக்கிப் போகும் பொத்தான் போய்விட்டது. நடந்தது நடந்ததாகிவிட்டது. கெர்பல்களுக்குச் சாப்பாடும் மூச்சும் தேவையில்லை. அவர்கள் சாவதில்லை, மூப்பும் இல்லை. எத்தனை வருஷமானாலும் அப்படியே இருப்பார்கள். மரணத்தை எடுத்துவிட்ட இடத்தில், விளையாட்டைச் செய்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, காத்திருப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் அங்கே இருக்கிறான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இரண்டு வாரம் கணக்குப் போட்டு மீட்பு ராக்கெட்டை அனுப்பினேன். அவனுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி இறங்கியது. அவன் நடந்துவந்து ஏணியில் ஏறி, கதவருகே நின்றான். கதவு திறக்கவில்லை. கூண்டில் ஒரே ஒரு இருக்கை. அதில் மீட்கப் போனவன் உட்கார்ந்திருந்தான்.

எரிபொருளைக் கணக்கிட்டேன், பாதையைக் கணக்கிட்டேன், எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தேன். யாருக்காகப் போகிறேனோ அவனுக்கு இடம் வைக்க மறந்தேன். காலியாக ஒரு இருக்கையைக் கொண்டுபோக வேண்டும் என்பதும், அந்தக் காலி இருக்கைக்கும் எடை உண்டு, அதற்கும் அடியிலிருந்து எரிபொருள் சேர்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. மூவர் உட்காரும் கூண்டு, ஒருவருக்கானதைப்போல மூன்று மடங்கு கனம்.

அன்று இரவு, இரண்டாவது தொகுப்புக்காக எடுத்து வைத்திருந்த என் கவிதைகளைத் திரும்பப் படித்தேன். முப்பத்தி இரண்டு கவிதைகள். சிக்கனமானவை என்று நண்பர்கள் பாராட்டியவை. வாசகன் ஒருவனைத் தேடிப் போவதாகத்தான் ஒவ்வொன்றும் புறப்படுகிறது. ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒரே இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் துக்கம், என் ஜன்னல், என் பிரக்ஞை. வந்தவன் ஏணியில் நின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். இது என் தொகுப்பின் குறை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. இந்த இதழில் எழுதுகிற, இந்த இதழைப் படிக்கிற நாம் எல்லோரும்—ஏறக்குறைய ஒரே ஆட்கள்தானே—மாற்றி மாற்றி ஏணியில் நின்றுகொண்டிருக்கிறோம். வாசகன் வரவில்லை என்று குறைப்படுகிறோம். வந்தவனுக்கான இடத்தைச் சுமந்து போகும் கனத்துக்கு நம் உருவம் தயாரா என்று கேட்டுக்கொள்வதில்லை. வார்த்தைகளைக் குறைத்தால் இடம் உண்டாகிவிடும் என்ற மூடநம்பிக்கை என்னிடமும் இருந்தது. இடத்தைக் கட்ட வேண்டும். அதற்கு வார்த்தை செலவாகும்.

தொகுப்பை அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. சந்திரனில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓட்ட ஆளில்லாமல், தானே இயங்கும் கருவியோடு, மூன்று இருக்கைகளையும் காலியாக வைத்துக்கொண்டு போக வேண்டிய மூன்றாவது ராக்கெட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு தடவை ஏவியாயிற்று. சுற்றுப்பாதையை எட்டவில்லை.