கிடங்குக்குப் பெயர் உண்டு

என் வேலை கட்டுமான டிராயிங்குகளைச் சரிபார்ப்பது. அங்கே கிட்ட இருக்கும் தூணுக்கும் எட்ட இருக்கும் தூணுக்கும் ஒரே துல்லியம் வேணும். அதனாலோ என்னவோ, ஜேம்ஸ் விஸ்லரின் 'பிளாக் லயன் வார்ஃப்' (1859) முதல் பார்வையில் எனக்கு எரிச்சல் மூட்டியது.

ஏ5 தாளைவிடச் சற்றே பெரிய எட்சிங். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுப்பது. லண்டனில் தேம்ஸ் நதியின் வாப்பிங் கரை. எதிர்ப்பக்கம் வரிசையாகக் கிடங்குகள். பலகை, ஓடு, சன்னல் எல்லாம் எண்ணிவிடலாம் போல இருக்கு. பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கலாம். அச்சில் இடவலம் மாறும் என்பதால், எழுத்துகளைத் தகட்டில் திருப்பித்தான் எழுதியிருக்கணும். அவ்வளவு அக்கறை! ஆனா நமக்கு மிக அருகே உட்கார்ந்திருக்கும் துறைமுகத் தொழிலாளிக்குச் சில அவசரக் கோடுகள்தான்.

விஸ்லருக்கு வரையத் தெரியாமல் இல்லை. 1854-55இல் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் சில மாதங்கள் வேலை பார்த்து, எட்சிங்கை அங்கேதான் கற்றார். அளவைப் படத்தின் ஒழுக்கம் கிடங்குகளில் அப்படியே இருக்கு. ஆளிடம் வரும்போது அதைக் கைவிடுகிறார்.

கண் தூரத்தில் குவிந்தால் கிட்ட இருப்பது மங்கும் என்பது வழக்கமான விளக்கம். சரிதான். ஆனா எங்கே குவிப்பது என்பது ஓவியர் எடுக்கும் முடிவு. என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நான் தேடிப் பார்த்த பழைய படங்களில் கிடங்கும் கப்பலும் தெளிவு, ஆட்கள் வெறும் புள்ளிகள். அந்தக் கோபத்தோடுதான் விஸ்லரிடம் வந்தேன்.

திரும்பத் திரும்பப் பார்த்தபின் கோபம் கொஞ்சம் இடம் மாறியது. இந்த ஆள் புள்ளி இல்லை. கிடங்குக்கு முன்னால், நம் பக்கத்திலேயே, பெரிதாக உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டாமல் அக்கரைக்குப் பார்வை போகாது. ஓடுகளை ஒருமுறை எண்ணினால் போதும். இவர் யார், என்ன நினைக்கிறார் என்பது மட்டும் முடியவே மாட்டேங்குது. விஸ்லர் அவருக்கு இடம் கொடுத்தார், விவரம் கொடுக்கவில்லை. பாதி நியாயம் என்றுதான் இதைச் சொல்வேன்.

1871இல் விஸ்லர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், பின்சுவரில் இதே படம் சட்டத்துக்குள் தொங்குகிறது. அங்கே கிடங்குகளுக்கும் சில தீற்றல்கள்தான்.