இன்சுலின் துண்டுச்சீட்டில் விடுபட்ட ஒரு படி

இன்சுலின் பேனா வாங்கினால் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. மூன்று வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவன் நான். மேனுவல் படிப்பதும் எழுதுவதும் என் பிழைப்பிலேயே பாதி. அந்தப் பழக்கத்தில் நாலைந்து கம்பெனிச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். இது அந்த எழுத்தைப் பற்றிய விமர்சனம், மருந்தைப் பற்றியது இல்லை.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். கருவியை விளக்கும் விதத்தில் இந்தச் சீட்டுகள் பிரமாதம். புது ஊசியை மாட்டு, 2 யூனிட் திருப்பி காற்றில் பீச்சிச் சோதித்துப் பார், அளவை வை, 90 டிகிரியில் குத்து, பட்டன் பூஜ்யத்துக்கு வரும்வரை அழுத்து, பேனாவைப் பொறுத்து 5 முதல் 10 நொடி அப்படியே பிடி, பிறகு எடு. எல்லாத்துக்கும் படம் உண்டு.

பிரச்சனை எங்கேன்னா, "அளவை வை" என்ற படிக்கும் "தோலில் குத்து" என்ற படிக்கும் நடுவில். காகிதத்தில் அது ஒரு வரி இடைவெளி. முதல் தடவை போடுகிறவருக்கு அது அரைமணி நேரமாக இருக்கலாம். சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, பேனாவை வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எடுத்து, திரும்பக் கொண்டுபோய்... கை நகராது. சீட்டு எழுதியவருக்கு அந்தக் கை மனுஷனுடைய கை என்ற நினைப்பே இல்லை.

சீட்டு விட்ட இடத்தை ஊர் அறிவுரை நிரப்புகிறது. அதில் மூன்று ரகம்.

முதலாவது, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." சொல்கிறவர் நல்ல மனசோடதான் சொல்கிறார். ஆனால் பயப்படுகிறவருக்கு இது தகவலே இல்லை. தகவல் என்றால் இதுதான்: இப்போது பரவலாகக் கிடைக்கும் பேனா ஊசியின் நீளம் 4 மி.மீ., 32 கேஜ் என்றால் விட்டம் சுமார் 0.23 மி.மீ. சின்ன வயசில் ஆஸ்பத்திரியில் பின்பக்கம் போட்ட ஊசிகள் 22, 23 கேஜ் ரகம், 0.6, 0.7 மி.மீ. தடிமன். ஏறக்குறைய மூன்று மடங்கு! ஊசி போடும் இடங்களில் பெரியவர்களின் தோல் சராசரியாக 2 மி.மீ. சுமார்தான், குண்டானவர் ஒல்லியானவர் வித்தியாசம் இதில் பெரிசா இல்லை. அதனால் 4 மி.மீ. போதும். மனசில் இருக்கும் ஊசியும் கையில் இருக்கும் ஊசியும் வேற வேற. ஒரு படத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம். எந்தச் சீட்டும் காட்டவில்லை.

இரண்டாவது, "ரிலாக்ஸா இருங்க." இதில்தான் எனக்குக் கோபம். பாம்பு பயம், உயரம் பார்த்தால் பயம் எல்லாவற்றிலும் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் ரத்தம், ஊசி பார்த்து வரும் பயம் சிலருக்கு ஒரு தனி ரகம். முதலில் அழுத்தம் ஏறி, பிறகு சட்டென்று விழும். தலை சுற்றி மயக்கம் வருவது அதனால்தான். அழுத்தம் விழப்போகும் ஆளிடம் உடம்பைத் தளர்த்து என்பது எதிர்மாறான யோசனை. சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் 1980களில் இதற்கு ஒரு முறையை வகுத்தார்: கை, கால், உடம்புத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகத்தில் சூடு தெரியும்வரை. பிறகு 20, 30 நொடி சாதாரண நிலைக்கு விடுங்கள். ஐந்து தடவை. அழுத்தம் விழாமல் தாங்கும். குத்தும்போது மட்டும் அந்த இடம் தளர்வாக இருக்கட்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மயக்கம் வராது, படபடப்பு மட்டும்தான் என்பவருக்கு மெதுவாக மூச்சு விடுவதே போதும். ஆக, சீட்டில் ஒரே ஒரு கேள்வி இருந்திருக்கலாம்: "ஊசியைப் பார்த்து எப்போதாவது மயங்கியிருக்கிறீர்களா?"

மூன்றாவது, தைரியக் கதை. அதில் முக்கியமானது எலிசபெத் ஹியூஸ் கதை. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922 ஆகஸ்டில், 15 வயது நிறையும் நேரத்தில், டொராண்டோவில் பாண்டிங்கிடம் வந்தபோது எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் வருவதற்கு முன் இருந்த ஒரே வைத்தியமான பட்டினியில் மூன்று வருடம் தாக்குப்பிடித்தவர். தானே ஊசி போடக் கற்றுக்கொண்டார். 1981 வரை வாழ்ந்தார். மொத்தம் சுமார் 42,000 ஊசி என்கிறார்கள். கணக்குப் போட்டேன்: 58 வருடம், ஒரு நாளைக்கு இரண்டு. சரியாக வருகிறது.

கதை உண்மை, அருமையான கதை. ஆனால் நம்ம ஊர் 50 வயது டைப் 2 ஆளுக்கு அது பொருந்தாது. எலிசபெத்துக்கு ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் சாவு. இவருக்கு இன்றைக்குப் போடாவிட்டால் பெரும்பாலும் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணும் சிறுநீரகமும் கெடுவது பல வருடம் கழித்து. பயம் இன்றைக்கு, பலன் என்றைக்கோ. இந்தக் கணக்கில் பயம்தான் ஜெயிக்கும்.

போதாததற்கு நாமே ஊசியைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம். "சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? வளர்ந்த பிறகு டாக்டரே, "மாத்திரையை ஒழுங்கா போடலைன்னா அடுத்தது ஊசிதான்" என்கிறார். அப்புறம் ஊசி எழுதிக் கொடுத்ததும் "கடைசி கட்டமாம்" என்று வீடே வாடிப்போகிறது. இன்சுலின் ஒரு மருந்து, தீர்ப்பு இல்லை. அதையும் சீட்டு சொல்லவில்லை.

குறை மட்டும் சொன்னால் போதாது. அந்த இடைவெளியில் நான் சேர்க்கும் வரிகள்:

1. முதல் தடவை தனியாகச் செய்ய வேண்டாம். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் கையால் போடுங்கள்.
2. 2 யூனிட் சோதனையை அவசரமாக முடிக்காதீர்கள். ஊசி முனையில் துளி வருவதை நிதானமாகப் பாருங்கள். பயம் குறைய அதுவே பாதிப் பயிற்சி.
3. உட்கார்ந்தோ சாய்ந்தோ போடுங்கள். மயக்கம் வருகிறவர் என்றால் படுத்துக்கொண்டு.
4. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டால், அதாவது ஜில்லென்று போட்டால், எரியும். ஸ்பிரிட் காயாமல் போட்டாலும் எரியும்.
5. தயங்கித் தயங்கி அழுத்துவதுதான் வலி. மூன்று எண்ணி ஒரே சீராக.
6. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. திரும்பத் திரும்பப் போட்டால் முனை மழுங்கும், வலிக்கும், பிறகு பயம் நியாயமாகிவிடும்.

கடைசியாக இன்னொரு குறை. பயப்பட வேண்டிய இடத்தையும் சீட்டு சரியாகக் காட்டுவதில்லை. நம்ம ஊரில் குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பெரிய எழுத்தில் எச்சரிக்க வேண்டியது இதைத்தான். 4 மி.மீ. ஊசிக்கு இவ்வளவு பயம் எதற்கு? அந்த பயத்தில் கொஞ்சத்தை எடுத்து மூடியின் நிறத்தைப் பார்ப்பதில் செலவழித்தால் உருப்படியாக இருக்கும்.